"ஒண்டுதான் எடுக்கிறன்": படுவான்கரைக் கிளினிக் ஒன்றில் ஒன்றரை வருடம்

வைகாசி மாதம், ஊரில் கண்ணகி அம்மன் சடங்கு. கோயில் கதவு திறந்து சடங்கு தொடங்கிய அன்று காலையில் இருந்து, எங்கள் கிளினிக்குக்கு வருகிற ஒருவர் சாராயத்தை ஒரு சொட்டும் தொடவில்லை. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கிற இந்தப் படுவான்கரையில் இது ஒன்றும் புதினமில்லை. வருடம் முழுக்கக் குடிக்கிற மனிதர்கூட, சடங்கை முடித்துவைக்கிற குளிர்த்தி முடியும்வரை கை வைக்கமாட்டார், அம்மனுக்குப் பயம். இரண்டாம் நாள் இரவு அவருக்கு வலிப்பு வந்தது. தம்பியும் மருமகனும் ஓட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்த இடம், நாங்கள் எட்டு மாதமாக மதுப்பழக்கத்துக்கான திட்டம் நடத்திக்கொண்டிருந்த அதே வைத்தியசாலை. மறுநாள் அவருடைய கிளினிக் கொப்பியைப் பிரித்துப் பார்த்தேன். மூன்று வாரத்துக்கு முன் எங்கள் படிவம் நிரப்பியிருக்கிறார்கள். புள்ளி 4. பக்கத்தில் நீல மையில் 'அறிவுரை வழங்கப்பட்டது'.

4 என்றால் பயப்பட ஒன்றுமில்லை என்று அர்த்தம்.

ஆள் தப்பிவிட்டார், அதை முதலே சொல்லிவிடுகிறேன். இந்த ஆய்வு அந்த 4 எப்படி வந்தது என்பதைப் பற்றியது, அதைத் தேடிப் போனபோது கிளினிக்கில் வேறு என்னென்ன அகப்பட்டது என்பதைப் பற்றியது. ஊரின் பெயரும் வைத்தியசாலையின் பெயரும் போடவில்லை. ஆட்களின் அடையாளங்களையும் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் விட்டார்கள் என்ற கணக்கையும் வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன், அங்கே மூன்று பேர் என்று எழுதினால் அந்த மூன்று பேரும் யார் என்று ஊருக்கே தெரியும்.

என் வேலை வைத்தியம் பார்ப்பதில்லை. எங்கோ சோதித்துப் பார்த்துப் பலன் தரும் என்று உறுதியான மனநல, போதைப் பழக்கச் சிகிச்சை முறைகளைச் சின்ன வைத்தியசாலைகள் தங்கள் கிளினிக்கில் எடுத்து நடத்தும்போது பக்கத்தில் நிற்பது. நோயாளிகளுக்கு நான் 'அந்த ஃபோம் கொண்டுவாற தம்பி'. அவ்வளவுதான்.

கொண்டுபோன சாமான்

நாங்கள் கொண்டுபோனது உலக சுகாதார நிறுவனத்தின் 'ஓடிட்' என்ற 10 கேள்விப் படிவம். (முதல் நாள் ஊழியர் கூட்டத்தில் 'அடுத்த மாதம் முதல் இங்கே ஓடிட் நடக்கும்' என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன், களஞ்சியப் பொறுப்பாளர் அன்று பின்னேரமே பழைய கணக்குப் புத்தகங்களைத் தூசு தட்டத் தொடங்கிவிட்டார். இப்போது 'குடிக் கேள்வி' என்றுதான் சொல்கிறோம்.) மொத்தம் 40 புள்ளி. 8க்குக் கீழே என்றால் பொதுவான தகவல் போதும். 8 முதல் 15 வரை சுருக்கமான அறிவுரை. 16 முதல் 19 வரை கொஞ்சம் நீண்ட ஆலோசனை, திரும்பத் திரும்பப் பார்த்தல். 20ஓ அதற்கு மேலோ என்றால் உடம்பே மதுவுக்குப் பழகிவிட்டிருக்கக்கூடும், அது வைத்தியரின் வேலை.

ஆலோசனைப் பகுதிக்கு கோவாவில் நடந்த ஆய்வைப் பின்பற்றினோம். அங்கே ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த, ஓடிட் புள்ளி 12 முதல் 19 வரை இருந்த 377 ஆண்களை எடுத்து, ஒரு பகுதியினருக்கு மட்டும் அதிகபட்சம் நான்கு தடவை ஆலோசனை கொடுத்தார்கள். கொடுத்தவர்கள் மனநலப் பட்டம் எதுவும் இல்லாத, பயிற்சி பெற்ற சாதாரண ஆட்கள். 2017இல் லான்செட் இதழில் வந்த முடிவுப்படி, மூன்று மாதத்தில் ஆலோசனை கிடைத்தவர்களில் 36 வீதமானோர் 8க்குக் கீழே வந்திருந்தார்கள், கிடைக்காதவர்களில் 26 வீதம். இதை எந்தக் கூட்டத்தில் சொன்னாலும் யாராவது ஒருவர் 'பத்துப் பேர்தானா வித்தியாசம்?' என்று கேட்பார். ஓம், 100க்குப் பத்துப் பேர்தான். ஆலோசனை கிடைத்தவர்களிலும் 64 பேர் 8க்குக் கீழே வரவில்லை. ஆனால் நான்கு முறை உட்கார்ந்து கதைத்ததற்கு, ஒரு குளிசைகூடச் செலவில்லாமல், பத்து வீடுகளில் குடி குறைகிறது என்றால் எனக்கு அது பெரிய விஷயம்.

ஆக, சாமானில் பிழை இல்லை. நல்ல சாமான்தான். மூன்று நாள் பயிற்சியும் நடந்தது, மத்தியானச் சாப்பாட்டோடு, சான்றிதழோடு. அதற்குப் பிறகு ஐந்து மாதம் என்ன நடந்தது என்றால், படிவங்கள் நிரம்பின. நிரம்பின என்பதுதான் பிரச்சினை. கிட்டத்தட்ட எல்லாருடைய புள்ளியும் 8க்குக் கீழே. மாதாந்த அறிக்கையைப் பார்த்தால் படுவான்கரையில் குடிக்கிறவரே இல்லை என்று நினைக்கவேண்டும். நானும் அந்த அறிக்கைகளைப் பார்த்தேன், ஒப்பமும் வைத்தேன். சந்தேகம் வரவில்லையா என்று கேட்டால், வந்தது. ஆனால் படிவம் ஒழுங்காக வருகிறதே என்ற நிம்மதி அதைவிடப் பெரிதாக இருந்தது.

வரிசையில் நின்று பார்த்தது

வலிப்பு வந்த கிழமைக்கு அடுத்த கிழமை நான் நோயாளி மாதிரிப் போய் நின்றேன். இது என் கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்காவில் விஸ்கொன்சின் பல்கலைக்கழகக்காரர்கள் 2003இல் போதைப் பழக்கச் சிகிச்சை நிலையங்களுக்காகத் தொடங்கிய 'நயாட்டெக்ஸ்' என்ற திட்டத்தில் முதல் பயிற்சியே இதுதான்: அங்கே வேலை செய்கிற ஆட்களே நோயாளியாக வேடம் போட்டு, முதல் தொலைபேசி அழைப்பில் இருந்து கடைசிக் கதவு வரை நடந்து பார்க்கவேண்டும். வாசித்திருந்தேன், செய்ததில்லை.

விடிய ஆறரைக்குப் போனேன். அதற்கு முதலே நாற்பது கொப்பிகள் மேசையில் அடுக்கியிருந்தன, எல்லாம் சொப்பிங் பேக்கில் சுற்றி. வெல்லாவெளிப் பக்கம் இருந்து முதல் பஸ்ஸில் வந்த அம்மாமார் கொப்பியை வைத்துவிட்டு வேப்பமரத்துக்குக் கீழே பிளாஸ்கைத் திறந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். எட்டரைக்குப் பெயர் கூப்பிட்டார்கள். நிறை பார்த்தல், பிறகு சீனி குத்திப் பார்த்தல், பிறகு பிரஷர் மேசை, பிறகு வாங்கில். வாங்கிலில் உட்கார்ந்திருக்கும்போதுதான் எங்கள் படிவம். பயிற்சி பெற்ற தங்கச்சி ஒருவர், கெட்டிக்காரப் பிள்ளை, வரிசையோடு நடந்து நடந்து கேட்கிறார். சத்தமாகத்தான் கேட்கவேண்டும், விசிறிச் சத்தம் அப்படி.

"ஐயா, குடித்த பிறகு குற்ற உணர்வு அல்லது கழிவிரக்கம் ஏற்பட்டதுண்டா?"

ஐயாவுக்கு இடப்பக்கம் அவருடைய மனிசியின் சித்தி. வலப்பக்கம் கோயிலை நிர்வகிக்கிற வண்ணக்கர். ஐயா என்ன சொல்லுவார்? "இல்ல புள்ள, அப்பிடி ஒண்டுமில்ல." பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். பத்துக் கேள்வியும் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது, எல்லாவற்றுக்கும் 'இல்லை'.

இன்னொருவரிடம் 'வழக்கமாக மதுசாரம் அருந்தும் ஒரு நாளில் எத்தனை பானங்கள் அருந்துவீர்கள்' என்ற கேள்வி போனது. 'பானம்' என்ற சொல்லில் நின்றுவிட்டார். "பானமா? நான் சோடா எல்லாம் குடிக்கிறல்ல மனே, சீனி வருத்தமெல்லுவா." தங்கச்சி 0 போட்டுக்கொண்டு நகர்ந்தார். அவரில் பிழை சொல்ல ஏலாது. பின்னால் இன்னும் முப்பது பேர், பத்து மணிக்கு டொக்டர் வந்துவிடுவார், அதற்குள் கொப்பிகள் உள்ளே போகவேண்டும்.

மத்தியானம் இன்னொன்று பிடிபட்டது. ஆலோசனைக்கு என்று குறிப்பிட்டவர்களுக்கு நாங்கள் கொடுத்திருந்த நேரம் பின்னேரம் 2 மணி. கிளினிக் கூட்டம் முடிந்து அறை காலியாக இருக்கும், நிம்மதியாகக் கதைக்கலாம் என்று நினைத்து நாங்களே போட்ட நேரம். ஆனால் உள்ளூருக்குத் திரும்பிப் போகிற பஸ் பன்னிரண்டேகாலுக்கு. அதை விட்டால் நாலரைக்கு. 'நோயாளிகளுக்கு ஆர்வமில்லை' என்று நான் அறிக்கையில் இரண்டு மாதம் எழுதியிருந்தேன். அவர்களுக்கு ஆர்வம் இருந்ததா இல்லையா என்பது வேறு கதை, பஸ் இருக்கவில்லை.

ஒன்று என்றால் எத்தனை

சரி, அந்த 4க்கு வருவோம். வலிப்பு வந்தவர் வார்ட்டில் தெளிந்த பிறகு, தனியாக, கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்டேன். படிவத்தில் என்ன சொன்னீர்கள் அண்ணன்? "உண்மையத்தானே சொன்ன. ஒவ்வொரு நாளும்தான், ஒண்டு, மிஞ்சினா ரெண்டு."

ஒவ்வொரு நாளும் என்பதற்கு 4 புள்ளி, அது சரி. 'ஒன்று இரண்டு' என்றால் இரண்டாம் கேள்விக்கு 0. ஒரே தடவையில் ஆறு அளவோ அதற்கு மேலோ எடுப்பீர்களா என்ற மூன்றாம் கேள்விக்கும் அதனால் 0. மற்றதெல்லாம் வாங்கிலில் வைத்துக் கேட்டது, 'இல்லை'. ஆக 4.

அவர் சொன்ன 'ஒண்டு' ஒரு கால் போத்தல் சாராயம்.

கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், ஏனென்றால் இதை இந்தப் பக்கம் வேலை செய்கிற எல்லாரும் ஒரு தடவையாவது தாளில் போட்டுப் பார்க்கவேண்டும். கால் போத்தல் 180 மில்லி. சாராயம் 33.5 வீதம் என்று வைத்தால் உள்ளே 60 மில்லி சுத்த மதுசாரம். மதுசாரம் தண்ணீரைவிட இலேசு, ஒரு மில்லி கிட்டத்தட்ட 0.79 கிராம். ஆக 48 கிராம் வரும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 'ஒரு அளவு' என்பது 10 கிராம். ஒரு கால் ஏறக்குறைய ஐந்து அளவு. இரண்டு கால் ஒன்பதரை. அரைப் போத்தல், 375 மில்லி, பத்து. 8.8 வீத பியர் பெரிய டின் ஒன்று மூன்றரை. 'பியர்தான், அது ஒன்றும் செய்யாது' என்று சொல்கிற இளம் பெடியன்கள் இரண்டு டின் எடுத்தால் ஒரு காலைத் தாண்டிவிடுகிறார்கள்.

திரும்பப் போட்டுப் பார்த்தோம். ஒவ்வொரு நாளும் இரண்டு கால் என்று வைத்தால், இரண்டாம் கேள்விக்கு 0 போய் 3 வந்தது, மூன்றாம் கேள்விக்கு 0 போய் 4. மற்றைய ஏழு கேள்வியையும் தொடாமலே 4 என்பது 11 ஆகிவிட்டது. பிறகு அந்த ஏழையும் தனியாகக் கேட்டபோது, விடிய எழும்பினதும் கை நடுங்குவது, அதை நிற்பாட்ட ஒரு வாய் விடுவது, வேலைக்குப் போகாமல் விட்ட நாட்கள், எல்லாம் வந்தன. புள்ளி 20ஐத் தாண்டிவிட்டது.

இதற்கு மருந்து எங்கள் கையிலேயே இருந்தது என்பதுதான் வெட்கம். ஓடிட் கையேட்டிலேயே எழுதியிருக்கிறது, இந்தக் கேள்விகளில் உள்ளூர் மதுவகையையும் அளவையும் போட்டுக்கொள்ளுங்கள் என்று. நாங்கள் மொழியை மாற்றினோம், போத்தலை மாற்றவில்லை. கேள்வியின் கருத்தையும் ஒழுங்கையும் புள்ளி போடும் முறையையும் மாற்றக்கூடாது, ஆனால் எதைக் கொண்டு அளப்பது என்பதை மாற்றியே ஆகவேண்டும். ஒரு முறையை ஊருக்குக் கொண்டுவரும்போது எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று பிரிப்பதுதான் முக்கால்வாசி வேலை.

இப்போது பிரஷர் மேசையில் ஒரு அட்டை இருக்கிறது. லெமினேட் பண்ணியது. கால், அரை, முழுப் போத்தல், பியர் டின், பியர் போத்தல், கள்ளு, எல்லாம் படமாக, கீழே எத்தனை அளவு என்று. ஆள் விரலால் தொட்டுக் காட்டினால் போதும், வாயால் சொல்லத் தேவையில்லை. ஊரில் களவாகக் காய்ச்சுகிற கசிப்புக்கு மட்டும் படம் இருக்கிறது, எண் இல்லை. எந்தப் பீப்பாவில் எந்த வீதம் என்று காய்ச்சினவனுக்கே தெரியாது. கசிப்பைத் தொட்டால் அளவுக் கணக்கை நம்பாமல், விடியக் கை நடுங்குகிறதா என்பதில் இருந்து தொடங்கச் சொல்லியிருக்கிறோம்.

பிரஷர் மேசை

கேள்வியை வாங்கிலில் இருந்து பிரஷர் மேசைக்கு மாற்றியது மிஸ்ஸியின், அதாவது அங்கே பிரஷர் பார்க்கிற தாதியின், யோசனை. பதினெட்டு வருட சேவை உள்ளவர், பயிற்சிக்கு அவரை நாங்கள் அழைக்கவே இல்லை, 'மனநலம்' என்று தலைப்பு இருந்ததால் உளவளத்துணைக்காரரை மட்டும் கூப்பிட்டிருந்தோம். அவர் சொன்ன காரணம் எளியது. எல்லாரும் அந்த மேசைக்கு வரவேண்டும், தனித்தனியாக வரவேண்டும், ஒரு பக்கம் சுவர். மற்றது, பிரஷர் கூடி நிற்கிற ஆளிடம் "அண்ணன், 160 காட்டுது, தண்ணி எடுக்கிறயளா?" என்று கேட்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. மதுவும் பிரஷரை ஏற்றும்தானே. விசாரணை மாதிரி இருக்காது.

தொடங்கி இரண்டாம் கிழமை டொக்டர் கத்தினார், என்ன இந்தக் கிளினிக்கில் எல்லாருக்கும் பிரஷர் ஏறிக்கிடக்கு என்று. மிஸ்ஸி நேரத்தை மிச்சப்படுத்த, கையில் பட்டியைக் கட்டிக் காற்றடித்துக்கொண்டே கேள்வி கேட்டிருக்கிறார். அளக்கும்போது கதைத்தால் பிரஷர் கூடத்தான் காட்டும். இப்போது பட்டி கழன்ற பிறகுதான் கேள்வி. முதலில் மூன்று கேள்வி மட்டும், அதில் புள்ளி கூடினால் அந்த ஆளுக்கு மட்டும் மற்ற ஏழும் உள் அறையில். ஆலோசனை நேரம், சீனி முடிவு வரும்வரை சும்மா உட்கார்ந்திருக்கிற அந்த இருபது முப்பது நிமிடம். பஸ்ஸைத் தவற விட வேண்டியதில்லை.

20க்கு மேலே

எட்டு மாதமாக எங்கள் திட்டத்தில் இருந்த ஆகப் பெரிய ஓட்டை, புள்ளி 20க்கு மேல் வந்தால் அடுத்தது என்ன என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. 'பெரிய வைத்தியசாலைக்கு அனுப்பவும்' என்று ஒரு வரி. எங்கே, எந்த நாள், யாரிடம், கையில் என்ன துண்டோடு? ஒன்றுமில்லை. அதைவிடப் பயங்கரம், எல்லாருக்கும் கொடுத்த அறிவுரைத் துண்டில் 'மதுவை இன்றே நிறுத்துங்கள்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தோம். நல்ல வசனம்தான். ஆனால் உடம்பு மதுவுக்குப் பழகிப்போன ஆள் திடீரென நிறுத்தினால், கடைசியாகக் குடித்து 6 முதல் 48 மணித்தியாலத்துக்குள் வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாளில் புத்தி தடுமாறி, இல்லாததெல்லாம் தெரிந்து, கவனிக்காவிட்டால் உயிரே போகலாம். டயசிபாம் கொடுத்து, படிப்படியாகக் குறைத்து, விற்றமின் பி1 ஏற்றி, ஆளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் பிரச்சினையில்லாமல் கடந்துவிடலாம். சின்ன வைத்தியசாலையிலும் செய்யக்கூடியதுதான், செய்யத் தெரிந்த ஆளும் மருந்தும் இருந்தால்.

இப்போது துண்டில் அந்த வரி இல்லை. '20க்கு மேல்' என்றால் சிவப்புக் கோடு, அன்றே டொக்டரிடம். மாதம் இரண்டு தடவை வரும் மனநல வைத்திய அதிகாரியின் தொலைபேசி எண் மருந்து அலுமாரியின் உள் கதவில் ஒட்டியிருக்கிறது.

பக்கத்திலேயே ஒரு கலண்டர். மிஸ்ஸி அதில் சிவப்புப் பேனாவால் வளைத்திருப்பது: வைகாசிச் சடங்குக் கதவு திறக்கும் நாள், கொக்கட்டிச்சோலைத் திருவிழாக் கொடியேற்றம், கதிர்காமத்துக்குப் பாதயாத்திரைக்காரர் ஊரைக் கடக்கிற கிழமை, கந்தசஷ்டி. இந்த நாட்களுக்கு முதல் கிளினிக்கில் சிவப்புக் கோடுள்ள ஆண்களிடம் கேட்கவேண்டும், இந்த முறை நேத்தி (நேர்த்திக்கடன்) ஏதும் இருக்கா என்று. இருந்தால், நேத்தி நாளுக்கு முதலே மருந்தோடு தொடங்குவது. கோவா ஆய்விலும் இது இல்லை, ஓடிட் கையேட்டிலும் இல்லை. ஆனால் ஒரு மனிதன் தானாக நிறுத்தத் துணிகிற நாள் வருடத்தில் எது என்று இங்கே எல்லாருக்கும் தெரியும். நாங்கள் எட்டு மாதம் 'மாற்றத்துக்கான உந்துதலைத் தூண்டுவது எப்படி' என்று வெண்பலகையில் எழுதிக்கொண்டிருந்தோம், அம்மன் வருடத்தில் ஒரு கிழமை அதைச் சும்மா செய்துகொண்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமைத் தொலைபேசி

பயிற்சியைப் பற்றி ஒரு வார்த்தை. 2004இல் அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லரின் குழுவினர் போதைப் பழக்கச் சிகிச்சையில் வேலை செய்கிற 140 பேரை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள். சிலருக்குப் பட்டறை மட்டும். சிலருக்குப் பட்டறையோடு, அவர்கள் நோயாளியுடன் கதைத்த ஒலிப்பதிவைக் கேட்டுக் கருத்துச் சொல்வது, தொலைபேசியில் கூட இருந்து வழிகாட்டுவது. பட்டறை மட்டும் பெற்றவர்களைவிட, பின்தொடர்ந்து உதவி கிடைத்தவர்களின் திறமை கூடியிருந்தது. இருபது வருடத்துக்கு முன்பே தெரிந்த விஷயம். இன்றைக்கும் நம்முடைய திட்டங்களின் பணம் முழுக்க மண்டப வாடகைக்கும் பைல் கவருக்கும் போகிறது, பின்தொடர்வதற்கு ஒரு ரீலோட் காட் வாங்கக் காசில்லை.

நாங்கள் செய்தது பெரிதாக ஒன்றுமில்லை. ஒவ்வொரு செவ்வாயும் பின்னேரம் இரண்டு மணிக்கு அரை மணித்தியாலம் போன். அந்தக் கிழமை பார்த்த ஒரு ஆளைப் பற்றி மட்டும், பெயர் சொல்லாமல். நான் அந்த ஆளாகக் கதைப்பேன், தங்கச்சி ஆலோசகராகக் கதைப்பார். முதல் மாதங்களில் அவர் என்னைப் பேசுவார். "உங்கட புள்ளயளப் பத்தி யோசிச்சுப் பாத்தயளா அண்ணன்? இப்பிடிக் குடிச்சா ஈரல் போயிடும்." நான் "ஓம் ஓம்" என்பேன். எந்தக் குடிகாரனும் 'ஓம்' என்றுதான் சொல்லுவான், பேச்சு வாங்கிப் பழகினவன்தானே. ஏழெட்டுக் கிழமைக்குப் பிறகு ஒரு நாள் அவர் கேட்டார், "அண்ணன், சடங்கு நேரம் ஏழு நாள் எடுக்காம இருந்தயள். அது எப்பிடி ஏண்ட?" வேடம் போட்டிருந்த எனக்கே பதில் சொல்லவேண்டும் போல இருந்தது. நான் கதைத்தேன், அவர் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தச் செவ்வாய்க்குப் பிறகுதான் அவரிடம் இரண்டாம் தடவை திரும்பி வருகிற ஆட்கள் கூடினார்கள். என் ஊகம்தான், நிரூபிக்கச் சொன்னால் முடியாது.

பெண்கள் வரிசை

குடிக் கேள்வியைப் பெண்களிடம் கேட்டபோது பெரும்பாலும் வந்த பதில் தங்களைப் பற்றியதில்லை, வீட்டுக்காரரைப் பற்றியது. அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை. தங்கச்சி ஓரத்தில் பென்சிலால் எழுதத் தொடங்கினார். அந்தப் பென்சில் எழுத்துக்களைப் பார்த்துத்தான் மனச்சோர்வுக்கான 9 கேள்விப் படிவத்தையும் பெண்கள் கிளினிக்கில் சேர்த்தோம், பி.எச்.கியூ என்பார்கள். கோவாவில் இதற்கும் ஒரு ஆலோசனை முறை இருக்கிறது, ஆறு முதல் எட்டுத் தடவை, ஆள் விட்டுவிட்ட சின்னச் சின்ன அலுவல்களைத் திரும்பத் தொடங்க வைப்பதுதான் அதன் உயிர். அந்த ஆய்வில் 64 வீதமானோருக்கு மூன்று மாதத்தில் சோர்வு விலகியிருந்தது, வழமையான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களில் 39 வீதம்.

இங்கே இதில் நாங்கள் அரைகுறைதான். மூன்றாம் தடவைக்குப் பிறகு வரவு நின்றுவிடும். காரணம் தேடியபோது வந்தது பஸ் இல்லை, நுண்கடன். புதன்கிழமை கடன் சேர்க்கிற தம்பிமார் மோட்டார் சைக்கிளில் ஊருக்கு வருகிற நாள், குழுவில் ஒருவர் இல்லாவிட்டால் மற்றவர்கள் அவருடைய தவணையையும் கட்டவேண்டும். நாங்கள் ஆலோசனை வைத்ததும் புதன். வெள்ளிக்கு மாற்றியதும் சிலர் திரும்பினார்கள். ஆனால் மூன்று கம்பனிக்குக் கடன் கட்டுகிற பெண்ணிடம் 'உங்களுக்குப் பிடித்த ஒரு அலுவலை இந்தக் கிழமை செய்யுங்கள்' என்று சொல்லும்போது தங்கச்சிக்கே வாய் கூசுகிறது என்றார். எனக்கும் கூசும்.

ஒன்பதாவது கேள்வி சாக நினைப்பதைப் பற்றியது. அதைக் கேட்கப் பயந்து முதல் இரண்டு மாதம் எட்டோடு நிறுத்தியிருக்கிறார்கள், கேட்டால் எண்ணம் வந்துவிடும் என்று. கேட்பதால் எண்ணம் வருவதில்லை என்று சொல்லிச் சொல்லித் திரும்பக் கொண்டுவந்தோம், கூடவே 'வீட்டில் வயலுக்கு அடிக்கிற மருந்து எங்கே வைத்திருக்கிறீர்கள்' என்ற ஒரு கேள்வியையும் சேர்த்தோம். 1995இல் இலங்கையில் 1 இலட்சம் பேருக்கு 47 என்ற அளவில் இருந்த தற்கொலை வீதம் 2005க்குள் பாதியாகக் குறைந்ததற்கு முக்கிய காரணம், கொடிய பூச்சிமருந்துகளைத் தடை செய்ததுதான். அந்தக் கணத்தில் கைக்கு எட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்பது அவ்வளவு முக்கியம். 'யாரிடம் கதைக்கலாம்' என்று கேட்டால் கொடுக்க, தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கம் கொப்பியின் பின் அட்டையில் ஒட்டப்படுகிறது.

இரண்டாவது இடம்

வாவிக்குக் கிழக்கே, எழுவான்கரையில் ஒரு கிளினிக்கிலும் தொடங்கினோம். முஸ்லிம் ஊர். அங்கே போய் அதே குடிக் கேள்வியை நீட்டினோம், யோசிக்காமல். "எங்கட ஊருல அது இல்ல தம்பி" என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள், மனம் நொந்து சொன்னார்கள். ஆனால் கிளினிக் முடிகிற நேரம் ஒரு உம்மா மட்டும் நின்று, மகன் ஐஸ் (மெத்தம்பெட்டமின் என்ற போதைப்பொருள்) பாவிக்கிறான், மூன்று நாளாக நித்திரை இல்லை, தங்கச்சியின் காதுத் தோட்டையும் விற்றுவிட்டான் என்று சொல்லி அழுதார். நாங்கள் கேட்ட கேள்வியே வேறு ஊருக்குரியது. பல போதைப்பொருளையும் கேட்கிற 'அசிஸ்ட்' படிவத்துக்கு மாறினோம், ஆனால் பாவிக்கிற பெடியன்கள் கிளினிக்குக்கு வருவதே இல்லை, வருவது உம்மாமார்தான். ஐஸுக்கு இன்றைக்கு நல்ல சான்று உள்ள முறை, சிறுநீர்ப் பரிசோதனை சுத்தமாக வரும்போதெல்லாம் சின்னப் பரிசு கொடுப்பது. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் வைத்தியசாலைகளில் 2011 முதல் நடக்கிறது. இங்கே பரிசோதனைப் பட்டிக்கும் காசில்லை, பரிசுக்கும் காசில்லை, 'குடிகாரனுக்குப் பரிசா' என்று கேட்கிறவருக்குப் பதில் சொல்ல ஆளுமில்லை. ஆறாம் மாதம் ஈடுபாடாக இருந்த டொக்டர் வெளிநாடு போனார், 2022க்குப் பிறகு நிறையப் பேர் போனது போல. அதோடு நின்றது. இது தோல்வி, வேறு பெயர் வைக்கத் தேவையில்லை. உம்மாமாருக்கு என்று ஒரு சின்னக் கூட்டம் மாதம் ஒருமுறை பள்ளிவாசலுக்குப் பக்கத்து வீடொன்றில் தொடர்கிறது. அதை நடத்துவது நாங்கள் இல்லை, அவர்களே.

இப்போது

படுவான்கரைக் கிளினிக்கில் வேலை நடக்கிறது. புள்ளிகள் இப்போது 8க்குக் கீழே மட்டும் இல்லை, அறிக்கை அசிங்கமாக இருக்கிறது, மேலே இருந்து 'ஏன் திடீரெனக் கூடியது' என்று கேட்டுக் கடிதம் வந்தது. மிஸ்ஸியின் பெயர் வருடாந்த இடமாற்றப் பட்டியலில் இருக்கிறது. அதனால் இந்த மூன்று மாதமாக பிரஷர் மேசையில் இரண்டு கதிரை: ஒன்றில் மிஸ்ஸி, மற்றதில் புதிதாக வந்த பிள்ளை, முதல் மாதம் பார்த்துக்கொண்டு, இரண்டாம் மாதம் கேட்டுக்கொண்டு. செவ்வாய்க்கிழமை போனில் இப்போது மூன்று பேர்.

வலிப்பு வந்தவர் மாதா மாதம் வருகிறார். முழுக்க விட்டுவிட்டார் என்று சொன்னால் பொய். தைப்பொங்கலுக்கு எடுத்திருக்கிறார், ஒரு கலியாண வீட்டிலும் எடுத்திருக்கிறார், அட்டையில் விரல் வைத்துக் காட்டினார். மிஸ்ஸி பேசவில்லை, எழுதிக்கொண்டார். "மறுகா, இந்த முறை சடங்குக்கு முதலே வந்து மருந்து எடுத்துப் போறன் மிஸ்ஸி" என்றார் அவராகவே.

மூன்றாவதாக இன்னொரு வைத்தியசாலை கேட்டிருக்கிறது, அம்பாறை மாவட்டப் பக்கம். போன கிழமை அவர்களோடு முதல் கதை. பயிற்சி எப்போது, எத்தனை நாள், எத்தனை பேரை அனுப்பலாம் என்று கேட்டார்கள். கிளினிக் நாளில் ஊருக்குத் திரும்பிப் போகிற பஸ் எத்தனை மணிக்கு என்று நான் கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. விசாரித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.